ஆயுசுக்கும் வரும் குடை

கேம் சார் லிஃப்ட் வாசலில் குப்புறப் படுத்திருந்தார். கன்னம் தரைத்தளத்தின் குளிர்ந்த ஓட்டில் ஒட்டியிருந்தது. உடைந்த துடைப்பக் கட்டையை முட்டுக்கொடுத்து வெளிக்கதவை இரண்டு சாண் திறந்து வைத்திருந்தார்கள். தரையின் விளிம்புக்கும் லிஃப்ட் பெட்டியின் வாசல் மேற்சட்டத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி. எவ்வளவு என்று கையை விட்டே பார்த்திருந்தார்: நான்கு விரல். அந்த இடுக்கு வழியாகக் கீழே ஒரு கைப்பேசி வெளிச்சம் தெரிந்தது, அந்த வெளிச்சத்தில் இரண்டு தலைகள். ஒன்று அவருடைய மனைவியுடையது. இன்னொன்று குடியிருப்போர் சங்கத்தின் செயலாளருடையது. வழுக்கை, ஆகையால் வெளிச்சம் அதில்தான் அதிகம் பட்டது. இரண்டு தலைகளுக்கும் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தண்ணீர் சத்தம்.

வாகனம் நிறுத்தும் கீழ்த்தளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது, இன்னும் அரை ஆள் உயரம் பாக்கி இருக்கையில், மின்சாரம் போயிருந்தது. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடும். அதைக் கீழ்த்தளத்தில்தான் வைத்திருந்தார்கள். வைத்த அன்று செயலாளர் நாடா வெட்டினார், கைதட்டச் சொன்னார், குழுப்படம் எடுத்துக்கொண்டார்கள். அது இப்போது தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தது.

காலையிலிருந்து விடாத மழை. தெருவில் தண்ணீர் ஏறுகிறது என்றதும் செயலாளர் கையில் பிடிக்கிற ஒலிபெருக்கியோடு மாடி மாடியாகப் போய், வண்டி வைத்திருப்பவர்கள் உடனே கீழே வந்து மேட்டுக்கு ஏற்ற வேண்டும் என்று அறிவித்தார். கீழே நின்ற ஸ்கூட்டர் கேம் சாருடையது. அவர் அப்போது கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, தன்னைவிட இருபது வயது இளைய அணித் தலைவனிடம், நகைச்சுவை என்பது ஒரு வளமா அல்லது ஒரு திறனா என்று வாதாடிக்கொண்டிருந்தார். வாசலில் வந்து நின்ற மனைவியிடம் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். ஐந்து நிமிடம் என்று அர்த்தம். அவள் அந்தக் கையைப் பார்த்தாள், ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய், தன் காரை ஏற்ற இறங்கிய செயலாளரோடு லிஃப்டில் ஏறிவிட்டாள். அந்த ஐந்து விரல்களில் நான்கைத்தான் இப்போது இடுக்கில் விட்டு அளந்துகொண்டிருந்தார்.

அவருக்குக் கேம் சார் என்று பெயர் வைத்தது வாட்ச்மேன். அலுவலக அட்டையில் 'மூத்த மன உறுதி வடிவமைப்பாளர்' என்று போட்டிருந்தது. அதாவது, பனியில் சிக்கிக்கொண்ட ஒன்பது பேர் உயிர் பிழைக்கப் பாடுபடும் கணினி விளையாட்டு ஒன்றுக்கு அவர் ஜோக் எழுதினார். திரையின் மூலையில் ஒரு பச்சைக் கோடு இருக்கும். அதுதான் அந்த ஒன்பது பேரின் மன உறுதி. உணவு குறைந்தால் கோடு குறையும், ஒருவர் செத்தால் பாதியாகும். அப்போது சமையல்காரனைத் தட்டினால் அவன் ஒரு ஜோக் சொல்வான். கோடு கொஞ்சம் ஏறும். சொன்ன ஜோக்கையே திரும்பச் சொன்னால் கோடு இறங்கும். இந்த விதியைக் கண்டுபிடித்தவர் கேம் சார்தான். அதற்காக அலுவலகத்தில் அவருக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். கேடயத்தில் எழுதியிருந்ததை யாரும் இதுவரை முழுதாக வாசித்ததில்லை, அவ்வளவு நீளம்.

எழுதிய ஜோக்குகளை முதலில் மனைவியிடம்தான் சொல்லிப் பார்ப்பார். அவள் காய் நறுக்கிக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ கேட்பாள். கேட்டுவிட்டு 'ம்' என்பாள். அந்த 'ம்' பல தினுசு. குட்டை 'ம்' என்றால் பரவாயில்லை. நீட்டிய 'ம்' என்றால் கிழித்துப் போடு. மூக்கால் வருகிற 'ம்' என்றால் இதை எழுதியதற்கு யாரோ சம்பளம் தருகிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. அவர் சொன்னதற்குச் சிரித்துப் பார்த்ததில்லை.

லிஃப்ட் நின்ற உடனே செயலாளர் ஒலிபெருக்கியில்தான் பேச ஆரம்பித்தார். பொதுமக்கள் அமைதி காக்க வேண்டும், நிலைமை கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அந்த இரும்புப் பெட்டிக்குள் முழங்கினார். பொதுமக்கள் என்று அங்கே இருந்தது ஒரே ஆள். "அதை அணைங்க சார், காது போவுது," என்று அவள் சொன்னது வெளியே வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு ஒலிபெருக்கி பேசவில்லை.

தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியாயிற்று. வருகிறோம் என்றார்கள், ஆனால் பாலம் முழுகிவிட்டது, சுற்றித்தான் வர வேண்டும் என்றார்கள். லிஃப்ட் மெக்கானிக்கும் எங்கோ இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி கைப்பேசியில் வழி சொன்னான். மொட்டைமாடியில் இயந்திர அறை இருக்கிறது, உள்ளே ஒரு சக்கரம் இருக்கிறது, பிரேக் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றினால் பெட்டி ஏறிவிடும் என்றான். கேட்க எளிதாகத்தான் இருந்தது. வாட்ச்மேன் ஒன்பது மாடி ஏறிப் போய், ஒன்பது மாடி இறங்கி வந்து, அறை பூட்டியிருக்கிறது சார் என்றான். இரும்புக் கம்பியால் அடித்தும் பார்த்தானாம். எந்தக் கம்பிக்கும் அசையாத பூட்டு அது. அதை வாங்கியபோது செயலாளர் பொதுக்குழுவில் கால் மணி நேரம் பேசியிருந்தார்.

கேம் சார் இடுக்கில் வாயை வைத்து, சாவி எங்கே சார் என்று கேட்டார்.

"பாதுகாப்பா இருக்கு," என்றது கீழே இருந்த குரல்.

"பாதுகாப்பான்னா எங்க சார்?"

கீழே சாவிக்கொத்து ஒன்று குலுங்கியது. "என்கிட்டதான்," என்றார் செயலாளர்.

கண்டவர்கள் கையில் போகக் கூடாது என்று அதைத் தன் சாவிக்கொத்திலேயே வைத்திருந்தார். கொத்தோடு சேர்ந்து ஒரு பித்தளை வில்லை, அதில் 'செயலாளர்' என்று பொறித்திருந்தது. அதைக் கொடுங்கள் என்றதற்கு, வெளியாட்களிடம் சாவி ஒப்படைப்பதற்குக் குழுவின் தீர்மானம் வேண்டும் என்று ஆரம்பித்தார். அந்தச் சமயம் லிஃப்டின் தரையில் தண்ணீர் வந்தது. வாக்கியம் பாதியில் நின்றது. தீர்மானம் நிறைவேறியதாகக் கேம் சார் எடுத்துக்கொண்டார்.

"என்னங்க, கால் நனையுது," என்றாள் மனைவி. சாதாரணமாகத்தான் சொன்னாள், குழாய் சரியாக மூடவில்லை என்கிற மாதிரி. பயந்தால் அவளுக்குக் குரல் தட்டையாகிவிடும்.

மன உறுதி, மன உறுதி என்று அவருக்குள் ஏதோ ஒன்று அடித்துக்கொண்டது. தொழில் புத்தி. வாய் தானாகவே ஓடியது. விளையாட்டின் பதினான்காவது ஜோக், பனிக்கரடியும் வருமான வரி அதிகாரியும். அலுவலகத்தில் நான்கு பேர் சிரித்த ஜோக் அது. அணித் தலைவன் மேஜையைத் தட்டினான். இடுக்குக்குள் சொன்னபோது அது கிணற்றில் போட்ட கல்லாகப் போயிற்று. மனைவியிடமிருந்து 'ம்' கூட வரவில்லை. செயலாளர்தான், "இது சிரிக்கிற நேரமா?" என்றார். அதற்குள் அடுத்த ஜோக்கைத் தொடங்கிவிட்டிருந்தார் கேம் சார். அதுவும் செத்தது. பச்சைக் கோடு எங்கேயாவது தெரிந்தால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். இங்கே அந்த வசதி இல்லை. கீழே இருக்கிற இரண்டு தலைகளும் மேலே பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

பக்கத்தில் தரையில் கிடந்த அவருடைய கைப்பேசி விட்டு விட்டு அதிர்ந்தது. குடியிருப்பின் வாட்ஸாப் குழு. லிஃப்டில் சிக்கினால் செய்ய வேண்டிய பத்துக் காரியங்கள் என்று ஒருவர் போட்டிருந்தார். அதில் முதல் காரியம், பதற்றப்படாதீர்கள். கூப்பிய கைகள் நிறைய வந்திருந்தன. எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று ஒரு சூரியகாந்திப் பூ. எட்டு மாடிகளிலிருந்தும் கைகூப்பிக்கொண்டிருந்தார்களே தவிர இறங்கி வந்தது ஒருவரும் இல்லை. படிக்கட்டு இருட்டாக இருந்ததாம்.

சாவியைக் கொடுப்பது இன்னொரு பாடு. லிஃப்டுக்கும் தரை விளிம்புக்கும் இடையே ஒரு கட்டைவிரல் அகலச் சந்து, விழுந்தால் நேரே தண்ணீருக்குள். அவளுக்கு இடுக்கு எட்டவில்லை. செயலாளருக்கோ அவளுடைய தோளுக்குத்தான் உயரம். பெட்டியின் கூரையில் ஒரு திறப்பு உண்டு என்று மெக்கானிக் சொல்லியிருந்தான். அந்த இடத்தில்தான் போன வருஷம் சங்கம் பூ வேலைப்பாட்டோடு ஒரு விளக்குப் பலகையை அறைந்து வைத்திருந்தது. கடைசியில் செயலாளர் ஒரு காலை மடித்துச் சுவரில் சாய்ந்து நிற்க, அவருடைய முழங்காலில் அவள் ஏறினாள். தன்னுடைய காருக்குப் பக்கத்தில் ஸ்கூட்டர் நிறுத்தக் கூடாது என்று அவளுக்கு இரண்டு முறை கடிதம் அனுப்பியவர் அவர்.

அவளுடைய விரல் நுனிகள் இடுக்கில் தெரிந்தன. பித்தளை வில்லை மினுங்கியது. கேம் சார் கையை நுழைத்தார். எதையாவது சொல்ல வேண்டும், இந்த நேரத்தில் அவளுக்குத் தைரியமாக எதையாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

"எதுவும் பேசாதீங்க," என்றாள் அவள். "சிரிப்பு வந்துரும். கை ஆடும்."

அவருக்குக் காதில் விழுந்தது விளங்கச் சற்று நேரம் ஆனது. சிரிப்பு வந்துவிடுமாம். பனிக்கரடிக்கு வராத சிரிப்பு. இத்தனை வருஷமாக எந்த ஜோக்குக்கும் அசையாதவள், ஒரு ஆளின் முழங்காலில் ஏறி இருட்டில் நின்றுகொண்டு, அவர் வாயைத் திறந்தாலே சிரித்துவிடுவோம் என்று பயப்படுகிறாள். அப்படியானால் அந்த 'ம்' எல்லாம் என்ன? கேட்க இது நேரமில்லை. வாயை மூடிக்கொண்டார். மூச்சைக்கூட மூக்கால் மெல்ல விட்டார். சாவிக்கொத்து விளிம்பில் ஒருமுறை தட்டி, சரிந்து, சந்தின் பக்கம் போய், அவருடைய சுண்டுவிரலில் வளையமாக மாட்டிக்கொண்டது.

வாட்ச்மேன் சாவியை வாங்கிக்கொண்டு படியில் ஓடினான். கைப்பேசியில் மெக்கானிக்கின் குரல் அவனோடு கூடவே மாடி ஏறிப் போனது. அந்தக் குரல் சொன்னதில் கடைசியாகக் காதில் விழுந்தது, சக்கரத்தில் அம்புக்குறி போட்டிருக்கும், மேலுக்கு எந்தப் பக்கம், கீழுக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துச் சுற்று என்பது. கேம் சாருக்குச் சட்டென்று நினைவு வந்தது. போன வருஷம் சங்கம் அந்த அறைக்கு வெள்ளையடித்தது. அவரே போய்ப் பார்த்திருந்தார், மாதிரிக் கட்டடம் என்று பரிசு வாங்குவதற்காக அடித்தது. சுவருக்கு அடித்த கையோடு சக்கரத்துக்கும் அடித்திருந்தார்கள்.

கூப்பிடலாம் என்று கைப்பேசியை எடுத்தார். வாட்ச்மேனின் எண் மெக்கானிக்கோடு பேச்சில் இருந்தது. அப்போதுதான் முன்வாசலைப் பார்த்தார். தெருவையும் வளாகத்தையும் பிரிக்கும் சிறு மேட்டைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. இதுவரை ஒரு வாய்க்கால் அளவுக்குச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது வாசல் அகலத்துக்கும் ஒரே பாயாக, சத்தம் குறைந்து, அவசரமில்லாமல் கீழ்த்தளத்துக்குள் விழுந்தது. சத்தம் குறைந்ததுதான் பார்க்கப் பயமாக இருந்தது.

"என்னங்க." கீழே இருந்து குரல். "ஏன் பேசாம இருக்கீங்க?"

"நீதானே பேசக்கூடாதுன்ன."

"அது அப்ப. இப்ப என்ன பாக்குறீங்க?"

"ஒண்ணும் இல்ல. வாசல்ல ஒரு பூனை."

அவள் அதை நம்பவில்லை என்பது தெரிந்தது. அவளுக்கு அவருடைய பேச்சு தேவையில்லை, ஜோக் தேவையே இல்லை. அவர் பேசிக்கொண்டிருக்கிறார் என்றால் இன்னும் மோசமாக எதுவும் நடக்கவில்லை என்று அவளுக்கு அர்த்தம். வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், வேலை போய் அவர் ஒரு வருஷம் சும்மா இருந்தபோதும், அவர் உளறிக்கொண்டே இருந்தார், அவள் 'ம்' சொல்லிக்கொண்டே துணி மடித்தாள். ஒரே ஒரு நாள், மருத்துவர் தனியாகக் கூப்பிட்டுப் பேசிய அன்று, அவர் வீட்டுக்கு வந்து பேசாமல் சாப்பிட்டார். தட்டைக் கழுவும்போதே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

"முட்டிக்கு வந்துருச்சு," என்றாள். "செக்ரட்டரி சாருக்கு இடுப்புக்கு."

"தொடைக்குத்தான், மேடம்," என்றார் செயலாளர் பலவீனமாக. அந்த நிலைமையிலும் நடவடிக்கைக் குறிப்பில் தவறாகப் பதிவாவதை அவர் விரும்பவில்லை.

கேம் சார் புது ஜோக் ஒன்றைத் தேடினார். விளையாட்டுக்காக எழுதியது இருநூறு இருந்தது. ஒன்றும் நாக்கில் வரவில்லை.

"அந்தக் குடைக் கதையச் சொல்லுங்க," என்றாள் மனைவி.

அவருக்கு நம்ப முடியவில்லை. குடைக் கதை அவள் அறவே வெறுக்கிற கதை. கல்யாணமான வருஷத்திலிருந்து முதல் மழை பெய்கிற அன்றெல்லாம் அதைச் சொல்ல ஆரம்பிப்பார். ஒருத்தன் குடை வாங்கப் போனான், கடைக்காரர் இந்தக் குடை உங்கள் ஆயுசுக்கும் வரும் என்றார், எப்படி என்று கேட்டான். இந்த இடத்துக்கு வரும் முன்பே அவள், "மழையில மட்டும் விரிக்காதீங்கன்னாராம், போதும், போய்க் குளிங்க," என்று முடித்துவிடுவாள். விளையாட்டில் சமையல்காரனின் முதல் ஜோக்காக இதைத்தான் எழுதியிருந்தார். பழசு என்று அணித் தலைவன் நீக்கிவிட்டான். விதிப்படி அது சரிதான். சொன்னதையே சொன்னால் கோடு இறங்கும்.

"ஒருத்தன் குடை வாங்கப் போனான்," என்றார். "கடைக்காரர்..."

"வேகமா சொல்லாதீங்க," என்றாள். "மெதுவா. எங்க போனான்?"

"கடைத்தெருவுக்கு."

"எந்தக் கடை?"

அப்போது புரிந்தது. இடுக்கை இன்னும் நெருங்கிப் படுத்தார். அந்த ஆளுக்கு ஒரு வீடு கொடுத்தார், வீட்டில் ஒரு மச்சான் கொடுத்தார், மச்சான் இரவல் வாங்கித் தொலைத்த பழைய குடையைக் கொடுத்தார். கடைத்தெருவில் அவனை மூன்று கடை ஏறி இறங்க வைத்தார். நடுவில் செயலாளர், "மச்சான் திருப்பித் தரலையா?" என்று கேட்டார். தரவில்லை என்றார் கேம் சார், கேட்டால் குடையா, எந்தக் குடை என்கிறானாம். "என் மச்சானும் அப்படித்தான்," என்றார் செயலாளர். இருட்டுக்குள் அந்தக் குரலில் பதவி எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

மேலே எங்கோ இரும்பு முனகியது. கம்பிவடங்கள் அதிர்ந்தன. பெட்டி ஒரு குலுங்கு குலுங்கியது, உள்ளே தண்ணீர் சளப்பென்று சுவரில் அடித்தது, அவள் ஏதோ சொன்னாள், சொல்லாகவே வரவில்லை. கேம் சார் கையை இடுக்கில் விட்டுப் பார்த்தார். சுண்டுவிரல் வெளியே நின்றது. மூன்று விரல்.

மறுபக்கம் சுற்றுகிறான்.

எழுந்து படிக்கட்டில் ஓடிக் கத்தலாம். ஒன்பது மாடி. மழைச் சத்தத்தில் எத்தனை மாடிக்குக் கேட்கும்? ஓடினால் இங்கே பேச்சு நின்றுவிடும். கைப்பேசியை ஒரு கையால் எடுத்து, கூப்பிய கைகளுக்கும் சூரியகாந்திக்கும் கீழே, தப்பும் தவறுமாகத் தட்டினார்: மொட்டைமாடிக்கு யாராவது ஓடுங்க, வாட்ச்மேன் எதிர்ப்பக்கம் சுத்தறான், மாத்திச் சுத்தச் சொல்லுங்க, தண்ணி ஏறுது. அனுப்பினார். அப்புறம் எட்டாம் மாடிக்காரர் ஒருவரிடமிருந்து பதில் வந்தது. மஞ்சள் நிறத்தில் நிமிர்ந்த ஒரு கட்டைவிரல்.

அவர் அதையே வெறித்துப் பார்த்தார். போகிறேன் என்று அர்த்தமா, படித்துவிட்டேன் என்று அர்த்தமா? அந்த ஆள் பிறந்தநாள் வாழ்த்துக்கும் இதையேதான் போடுவார், இரங்கல் செய்திக்கும் இதையேதான் போட்டார்.

"என்னங்க."

"இருக்கேன், இருக்கேன்."

"நாலாவது கடைக்குப் போனானா?"

"போனான்," என்றார். முன்வாசல் தண்ணீரின் ஒரு நாக்கு தரைத்தளத்தின் ஓட்டைத் தொட்டு, ஊர்ந்து வந்து, அவருடைய முழங்கையை நனைத்தது. நகரவில்லை. "நாலாவது கடை பெரிய கடை. முதலாளிக்கு மீசை. ரொம்பப் பெரிய மீசை, அதுக்கே தனியா ஒரு நாற்காலி போட்டிருந்தாங்க."

கீழே இருந்து மூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். இருமலாக இருக்கலாம். அவளுடைய இருமல் அப்படி முடியாது.

"அவரு ஒரு குடையை எடுத்தாரு. கறுப்புக் குடை. மரப் பிடி. மெத்தை மேல வெச்சாரு. சார், இந்தக் குடை உங்க ஆயுசுக்கும் வரும்னாரு."

நிறுத்தினார். இந்த இடத்தில்தான் அவள் எப்போதும் குறுக்கே விழுவாள். இருட்டுக்குள் தண்ணீர் அசைகிற சத்தம் மட்டும். மேலே மறுபடி இரும்பு முனகத் தொடங்கியது, இந்த முறை நீளமாக, வடங்கள் மெல்லப் பாடின.

"எப்படி வரும்னு கேட்டானா?" என்றாள் அவள்.

"கேட்டான்."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?" அவளுக்குத் தெரியாததுபோல, இதுவரை கேட்டதே இல்லாததுபோலக் கேட்டாள்.

"சொல்றேன். அவசரப்படாத. முதலாளி முதல்ல மீசையைத் தடவுனாரு, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை," என்று சொல்லிக்கொண்டே, பேச்சை விடாமல், நனைந்து சுருங்கியிருந்த கையை விரல்களை ஒட்டிச் சேர்த்து, சுண்டுவிரல் நுழைகிறதா என்று பார்க்க அந்த இடுக்கை நோக்கி நீட்டினார்.